ஒரகடம் தாண்டாத பச்சைக் கார்

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்னால், ஒரகடத்தில் நான் வேலை பார்த்த சீட் கம்பெனிக்கு ஒரு கார் சீட் திரும்பி வந்தது. ஓட்டும்போது கிறீச் கிறீச்சென்று சத்தம் வருகிறது என்று புகார். எங்கள் செக்‌ஷன் பிள்ளைகள் அதை மேடையில் மாட்டி ஆட்டினார்கள், அமுக்கினார்கள், மூட்டை வைத்துப் பார்த்தார்கள். சத்தம் வரவில்லை. ‘காரணம்: வாடிக்கையாளர் உபயோகித்த விதம்’ என்று கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு டீக்குக் கிளம்பினார்கள். எனக்கு வந்ததே கோபம். லைன் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன்.

“ஒரு சீட்டுக்கா இவ்ளோ கோவம் கஸ்தூரிக்கா?” என்று சூப்பர்வைசர் பெண் கேட்டாள். ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துவிட்டதால் அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்கப்புறம் வழியனுப்பு விழா, சால்வை, போட்டோ என்று நாள் போய்விட்டது. பதில் பெரியது. அது 1991-இல் இருக்கிறது. அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பிள்ளைப்பாக்கம். வாழ்க்கைப்பட்டது ஸ்ரீபெரும்புதூரில். முதலில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு லாரிக்காரர் ஒருநாள் கிழிந்த சீட்டைக் கொண்டுவந்து போட்டு, ‘இதையும் தைச்சுக் குடேம்மா’ என்றார். ஊசி மூன்று உடைந்தது, சீட் ஒட்டியது. ஜாக்கெட்டில் தையல் விட்டால் மானம் போகும், சீட்டில் விட்டால் முதுகு போகும், வித்தியாசம் அவ்வளவுதான் என்று தைரியம் வந்துவிட்டது. ரெக்சின் வாங்கப் போன இடத்தில் கேள்விப்பட்டு, பெங்களூர் ரோட்டு ஓரம் ஷெட் வைத்திருந்த நாகப்பன் மேஸ்திரி என்னை வேலைக்குக் கூப்பிட்டார். அங்கே வேலை செய்த ஒரே பொம்பளை நான்தான்.

மேஸ்திரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் திட்ட மாட்டார். திட்டினால் தேவலை என்று இருக்கும். என் தையல் கோணலாக இருந்தால், பக்கத்தில் வந்து உட்கார்ந்து பிளேடால் நிதானமாகப் பிரிப்பார். பிரித்த நூலை விரலில் சுற்றி, சின்ன உருண்டையாக்கி, என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போவார். அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது. எஞ்சின் ஆட்களுக்கும் இதே கதைதான். சரியாக முடுக்காத போல்ட்டைக் கழற்றி அவரவர் சட்டைப் பையில் போட்டுவிடுவார்.

எந்த வண்டி கோளாறு என்று வந்தாலும், ‘இன்னா ஆச்சு’ என்று கேட்க மாட்டார். “கடைசியா யாரு தொட்டது?” என்றுதான் கேட்பார். நல்லா ஓடின வண்டி திடீரென்று படுத்தால், கடைசியாக எவன் கை பட்டதோ அங்கேதான் முதலில் தேடணும் என்பது அவர் கணக்கு. பத்துக்கு எட்டு தடவை அது சரியாகவே இருந்தது.

அந்த வருஷம் மே மாதத்துக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே எல்லாரும் எதைக் கேட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது அது இல்லை. அந்தப் பரபரப்பெல்லாம் அடங்கி, ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது, டெம்போவில் ஏற்றி ஒரு கார் எங்கள் ஷெட்டுக்கு வந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, மேலே கூரை இல்லாத, இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். பாட்டில் பச்சை நிறம் என்று தேய்த்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பின்னாடியே டாக்டர் எஸ்தரும் அவருடைய அண்ணன் சாமுவேல் சாரும் வந்தார்கள்.

கார் அவர்கள் அப்பாவுடையது. அவர் தவறிய பிறகு இரண்டு பேருக்கும் பொதுவாக நின்றுபோனது. டாக்டரம்மா மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார், குடியிருந்தது ஸ்ரீபெரும்புதூரில். தினமும் இந்தக் காரை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. அண்ணனுக்கு மெட்ராஸில் வியாபாரம். பழைய கார்களை வாங்கி ஹாலில் வரிசையாக நிறுத்திவைக்கிற பெங்களூர்க்காரர் ஒருவரிடம் இதைத் தள்ளிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் வரைக்கும் டாக்டரம்மா ஓட்டலாம். ஒழுங்காக ஓடினால் கார் அவருக்கு. ரோட்டில் நிற்க ஆரம்பித்தால் விற்றுவிட வேண்டியது.

“கம்பெனி ஜீப்பு வருதே, அதுல போலாமே” என்று மேஸ்திரி கேட்டதற்கு டாக்டரம்மா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

“ஜீப் வர்ற நேரத்துக்கு நான் கிளம்பணும், ஜீப் போற நேரத்துக்கு நான் திரும்பணும். இருபது வருஷமா யாரோ ஒருத்தர் கிளம்பும்போது கிளம்பிட்டே இருக்கேன் மேஸ்திரி. அப்பா எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்தது இந்த வண்டியிலதான்.”

மேஸ்திரி உடனே வேலையில் இறங்கிவிட்டார். காட்சிக்கு வைக்கிற கார் என்றால் பழைய சாமானையே துடைத்து மாட்டினால் போதும். தினம் ஓடுகிற கார் என்றால் நம்மூர் வெயிலும் எருமையும் லாரியும் தாங்க வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் கரண்ட்டு ஃபேன் வைத்தார். டைனமோவைத் தூக்கிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டினார். பிரேக் குழாய் ஒன்று விடாமல் புதிது. பெட்ரோல் டேங்க் துருவேறிச் சல்லடையாகியிருந்தது, தகடு வாங்கி அதே வடிவத்தில் புதிது அடித்தார்கள். டேங்க் மூடி தொலைந்துபோயிருந்தது. அதை மட்டும் வேறு யாரையும் தொட விடாமல், பித்தளையில் தானே லேத்தில் கடைந்தார். நடுவில் கடுகளவு காற்று ஓட்டை போட்டு, நிக்கல் பூசி, பளபளவென்று காரின் பின்பக்கம் உட்காரவைத்தார். போகிறபோதும் வருகிறபோதும் அதை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

என் வேலை சீட்டும், மழைக்கு இழுத்து மூடுகிற கூரைத் துணியும். டாக்டரம்மா குள்ளம். அந்தக் கால சீட்டில் உட்கார்ந்தால் ஸ்டீயரிங்குக்கு மேல் கண்ணும் நெற்றியும்தான் தெரியும், கால் கிளட்ச்சுக்கு எட்டாது. பலகையை உயர்த்தி, தேங்காய் நார், அதன்மேல் ஃபோம், முதுகுக்குத் தனி அணை என்று வைத்து, ஜாக்கெட்டுக்கு ட்ரயல் பார்க்கிற மாதிரி மூன்று நான்கு தடவை உட்காரவைத்து சாக்பீஸால் கோடு போட்டேன். கடைசித் தடவை உட்கார்ந்து கிளட்ச்சை முழுக்க மிதித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு சீட் தைக்கலாம் என்று இருந்தது.

டெலிவரி நாள் எங்கள் ஷெட்டில் ஒரு முறை உண்டு. முதலில் தண்ணீர் அடித்துக் கழுவுவது. அப்புறம் மேஸ்திரி தனியாக ஓட்டிக்கொண்டு சுங்குவார்சத்திரம் வரை போய்த் திரும்புவது. திரும்பி வந்து, கை கால் கழுவி, பித்தளைக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்து, பானெட், ஸ்டீயரிங், சாவி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக் குங்குமம் இடுவார். கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி அனுப்புவார். இந்தக் காருக்குக் கூடுதலாக, தான் கடைந்த மூடியின் நட்டநடுவில் ரூபாய் அகலத்துக்கு ஒரு பொட்டு. அழகாகத்தான் இருந்தது. டாக்டரம்மா கிறிஸ்தவர். அவரும் கைகூப்பி நின்றுவிட்டு, “ஆசீர்வாதம் எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் நல்லதுதான்” என்று வண்டியை எடுத்தார்.

மறுநாள் காலை ஒரகடம் ஏரிக்கிட்டே கார் நின்றுவிட்டது.

ரோட்டில் நின்ற வண்டியை எங்கள் ஷெட் ஆட்கள் ஓட்டிக்கொண்டு வரமாட்டார்கள். மறுபடி எங்காவது நின்று லாரிக்காரன் இடித்துவிடுவான் என்று, கயிறு கட்டித்தான் இழுத்து வரவேண்டும் என்பது மேஸ்திரி உத்தரவு. இழுத்து வந்து, வழக்கம்போலக் கழுவிவிட்டு ஓட்டிப் பார்த்தால் குதிரை மாதிரி ஓடியது. சந்தேகத்துக்குப் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார். பொட்டு வைத்து அனுப்பினார். மறுபடி அதே ஒரகடம் பக்கம் நின்றது. கார்புரேட்டரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டினார். பொட்டு வைத்து அனுப்பினார். மூன்றாம் தடவையும் நின்றது. வழியில் பெட்ரோல் போட்ட அன்றைக்கு மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் போகும், அவ்வளவுதான். ஒரு தடவைகூட ஒரகடத்தைத் தாண்டி ஒழுங்காக ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. வழியில் பால் வண்டி, டிராக்டர் என்று கிடைத்ததில் ஏறி, வெள்ளைக் கோட்டோடு டாக்டரம்மா ஓபிக்குப் போய்ச் சேர்ந்தார்.

மூன்றாம் தடவை சாமுவேல் சாரும் ஷெட்டுக்கு வந்திருந்தார். எஞ்சினில் கோளாறு இருக்கா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். மேஸ்திரி துணியில் கை துடைத்துக்கொண்டே சொன்னார்.

“வண்டி மேல குத்தம் இல்ல சார். எங்கிட்ட நல்லாத்தான் ஓடுது. அவங்க ஓட்டற தினுசு அப்டி கீது.”

ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாரும் டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்துபோனது. “எந்த தினுசுன்னு சொல்லுங்க மேஸ்திரி, மாத்திக்கிறேன்” என்றார் மெதுவாக.

“சோக்க இஸ்துகினே ஓட்டுறீங்களோ இன்னாவோ.”

“சோக்கை நான் தொடறதே இல்லை.”

“பாத்தியா எஸ்தர், நான் சொன்னப்ப கேக்கல” என்றார் அண்ணன். “கிறிஸ்துமஸ் எதுக்கு, இப்பவே முடிச்சுக்கலாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்கும் காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாமே. காரணம் கிடைக்காத இடத்திலெல்லாம் ஓட்டுகிறவர் தலையைக் கொண்டுபோய் வைப்பது என்ன நியாயம்? அதுவும் ஓட்டுகிறவர் பொம்பளை என்றால் யாருக்கும் இன்னொரு யோசனைகூட வருவதில்லை. ‘வாடிக்கையாளர் உபயோகித்த விதம்’ என்று பார்த்ததும் நான் கத்தினேனே, அப்போது ஷெட்டில் டாக்டரம்மா இப்படி நின்ற நிலைதான் என் கண் முன்னால் வந்தது.

“மேஸ்திரி, சீட்டு இன்னும் படியல. முதுகு நோவுதாம் அவங்களுக்கு. நாளைக்குக் கூடப் போயி பாத்துகினு வரேன்” என்றேன். டாக்டரம்மா முதுகில் ஒரு நோவும் இல்லை. அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும் என்று அண்ணனும் ஒத்துக்கொண்டார். மேஸ்திரி கழுவி, ஓட்டிப் பார்த்து, பொட்டு வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். நான் எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாதவள். ஆனால் சீட் தைக்கிறவளுக்கு உட்காருகிறவரின் முதுகும் காலும் தெரியும். கிளட்ச்சில் சும்மா கால் வைத்துக்கொண்டு ஓட்டுகிறாரா, பயந்து முன்னால் சாய்கிறாரா என்று வல்லம் தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு குறை இல்லை. குழியைத் தூரத்திலேயே பார்த்து, கியரை மாற்றி, எருமை மாட்டுக்கு வழி விட்டு, பூ மாதிரி ஓட்டினார். மேஸ்திரிகூட அவ்வளவு பதமாக ஓட்ட மாட்டார்.

இன்றைக்கு கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடமெல்லாம் அன்றைக்கு வேர்க்கடலைக் கொல்லையும் முள்ளுக்காடும்தான். ஏரிக் கரை கண்ணில் பட்டதும் எஞ்சின் இரண்டு தடவை திக்கியது, அப்புறம் அடங்கிப்போனது. காரை ஓரமாக உருட்டி நிறுத்தினார். ஸ்டீயரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். அப்புறம் சொன்னார்.

“எனக்கு ஓட்டத் தெரியும் கஸ்தூரி.”

கண்ணில் தண்ணீர் நின்றது. “தெரியும் டாக்டரம்மா, நான்தான் பாத்துகினே வந்தேனே” என்றேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், பெட்ரோலாவது இருக்கிறதா பார்ப்போம் என்று இறங்கிப் பின்பக்கம் போனேன். மூடி அசையவே இல்லை. முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம்.

“பாம்பா?” என்றார் டாக்டரம்மா.

“மூடிங்க. தொறந்ததும் சீறுது.”

அவர் இறங்கி வந்தார். மறுபடி மூடித் திறந்தோம், சத்தம் இல்லை. “சீறினது வெளிய வந்துதா, உள்ள போச்சா?” என்று கேட்டார். என் விரல் பக்கத்தில்தானே இருந்தது. உள்ளேதான் இழுத்தது என்றேன். அவர் நேராகப் போய்ச் சாவியைத் திருப்பினார். கார் கிளம்பிவிட்டது.

“ஏறு. மூடியை இறுக்க மூடிட்டு ஏறு” என்றார். குரலே மாறிப்போயிருந்தது. சிங்கபெருமாள் கோயில் ரயில்வே கேட்டுக்கு முன்னால் மறுபடி திக்கி நின்றது. ஓடிப்போய்த் திறந்தேன். புஸ். உடனே கிளம்பியது.

டாக்டரம்மா ரோட்டோரம் நின்று வாய்விட்டுச் சிரித்தார். “ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துறப்போ பாத்திருக்கியா? பாட்டில்ல இன்னொரு ஊசி குத்தி வெச்சிருப்போம், காத்து போறதுக்கு. அது இல்லைன்னா கொஞ்ச நேரத்துல சொட்டு நின்னுடும். இந்த டேங்குக்கும் காத்து போகல.”

மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தோம். மேலே மேஸ்திரி வைத்த சந்தனப் பொட்டு, வெயிலில் காய்ந்து கல்லாகியிருந்தது. அதற்கு அடியில்தான் அவர் போட்ட கடுகளவு ஓட்டை. முந்தானையில் குத்தி வைத்திருந்த சீட் ஊசியை எடுத்து நுழைத்தேன். குங்குமமும் சந்தனமும் கலந்த ஒரு துளி அடைப்பு மறுபக்கம் என் உள்ளங்கையில் விழுந்தது, அதை முந்தானையில் முடிந்துகொண்டேன். ஷெட்டுக்கு வந்ததும் கழுவுகிற தண்ணீரில் இது கரைந்துவிடும், மேஸ்திரி ஓட்டுகையில் நன்றாக ஓடும், ஓட்டி முடித்தபிறகு அவரே மறுபடி பொட்டு வைப்பார். அதற்கப்புறம் மறைமலை நகர் வரை கார் நிற்கவே இல்லை. சாயந்திரம் திரும்பும்போதும் நிற்கவில்லை.

திரும்பி வருகிற வழியில் டாக்டரம்மா சொன்னார். “இதை நான் போய்ச் சொல்ல முடியாது கஸ்தூரி. அவர் சாமி கும்பிட்டு வெச்ச பொட்டு. நான் வேற மதம். நான் சொன்னா அது வேற மாதிரி ஆகிடும். நாமளே அப்பப்போ ஊசி குத்திக்கலாம், விடு.”

“அப்ப ஊரெல்லாம் உங்களுக்கு ஓட்டத் தெரியலன்னே பேசட்டுமா?” என்றேன்.

சீட் வேலை பாக்கி என்று சாக்குச் சொல்லி காரை ஷெட்டிலேயே நிறுத்திவைத்து, எல்லாரும் கிளம்பும் வரை காத்திருந்து மேஸ்திரியிடம் போனேன். கார் எங்கே நின்றது, எப்படி நின்றது என்று சொன்னேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “கடைசியா யாரு தொட்டது?” என்றார். வாய் வழக்கம்.

“நீங்கதான் மேஸ்திரி.”

கையை விரித்து, சந்தனத் துணுக்கைக் காட்டினேன். அவர் அதை எடுத்து மோந்து பார்த்தார். மூடியைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஓட்டை வழியாகப் பார்த்தார். பீடி அணைந்துபோனது. எனக்கு ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. மறுநாள் காலையில் கிண்ணத்தில் சந்தனம் குழைத்து, பழைய இடத்திலேயே பொட்டை வைத்து, வெயிலில் காயவிட்டு, ஒரகடம் பக்கம் தானே தனியாக ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் கையில் மூடி இருந்தது. பொட்டை வழித்துத் துடைத்து, ஓட்டைக்கு ஒரு விரல் தள்ளி, விளிம்பில் புதுப் பொட்டு வைத்தார். எனக்குத் தெரிந்து அதற்கப்புறம் எந்த வண்டிக்கும் மூடி நடுவில் அவர் பொட்டு வைத்ததில்லை.

அந்த வாரமே ஒரு காலையில், காரை எடுத்துக்கொண்டு போக டாக்டரம்மா வந்தார். சாமுவேல் சாரும் மெட்ராஸிலிருந்து வந்திருந்தார், தங்கையோடு அதே காரில் போய் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து விற்பனை விஷயத்தைப் பேசி முடித்துவிடலாம் என்று. மேஸ்திரி ஷெட்டில் இருந்த எல்லாரையும் வேலையை நிறுத்தச் சொன்னார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

“சார், அன்னிக்கு இவங்க ஓட்டற தினுசு சரியில்லன்னு உங்ககிட்ட சொன்னேன். அது தப்பு. ஓட்டறதுல ஒரு கொறையும் இல்ல. வண்டிய நிறுத்துனது என் கையி. டேங்க்கு மூடியில கீற காத்து ஓட்டைய நானே சந்தனத்த வெச்சு அடைச்சுட்டேன். டாக்டரம்மா, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க.”

டாக்டரம்மா, “ஐயோ மேஸ்திரி, என்ன நீங்க” என்று தலையைக் குனிந்துகொண்டார். நான் ரெக்சின் சுருளுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சாமுவேல் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப வண்டி முழு கண்டிஷன்ல இருக்குன்னு சொல்றீங்க. இது போதும். இன்னைக்கே பெங்களூருக்கு போன் போடறேன். ஓடற வண்டின்னா நாம கேட்ட வெலைக்கே எடுத்துக்குவார்.”

டாக்டரம்மா நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. சாமுவேல் சாருக்கு வண்டி நிற்பது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை.

“நிக்குதுன்னு விக்கச் சொன்னே. இப்ப ஓடுதுன்னு விக்கச் சொல்றே” என்றார் டாக்டரம்மா.

“உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வழியில பேசிக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே அவர் காரைச் சுற்றி இடது பக்கக் கதவுக்கு வந்தார்.

அதற்குள் டாக்டரம்மா உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பியிருந்தார். “எனக்கு ஓபிக்கு நேரமாச்சுண்ணா” என்றார். கோபமே இல்லாத குரல். கிளட்ச்சை விட்டார். கார் ஷெட்டை விட்டு வெளியே வந்து, ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்து, வல்லம் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

சாமுவேல் சார் கதவைத் திறக்க நீட்டிய கையை மடக்காமல் அங்கேயே நின்றார். மேஸ்திரிதான் அவர் பக்கத்தில் போய், ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

“மெட்ராஸ் பஸ்ஸு எதுத்தாப்புல நிக்கும் சார். ரோட்டப் பாத்து தாண்டுங்க.”